விம்பிள்டன் ஜயமும் பந்தய விலையும்

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி, விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் 4 மணி 57 நிமிஷம் நடந்த ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டத்தில், ஆடப்பட்ட 422 புள்ளிகளுள் 218-ஐ ரோஜர் ஃபெடரரும் 204-ஐ நோவாக் ஜோகோவிச்சும் வென்றனர். கேம்களைக் கூட்டிப் பார்த்தால் 36-க்கு 32 என்று ஃபெடரரே முன்னின்றார். எதிராளியின் சர்வை முறியடித்த கணக்கிலும் 7-க்கு 3 என்று மேலோங்கியிருந்தவர் அவரே. ஆயினும் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்ற செட் கணக்கில் கோப்பையைப் பெற்றவர் ஜோகோவிச். அதே நாளில், அதே லண்டன் மாநகரில், லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டம் ஓட்டங்களிலும் சமனாகி, சூப்பர் ஓவரிலும் சமனாகி, பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்கு ஜயம் என்று தீர்ப்பளிக்கப்பட்டதையும் நினைத்தால், ஆரூடக்காரர்களுக்கு அது நல்ல நாளன்று என்றே சொல்ல வேண்டும்.

ஆட்டம் தொடங்குமுன் ஜோகோவிச்சின்மீது பணம் கட்டியவர்கள் அன்று மாலை லாபம் பெற்றார்கள்; ஃபெடரரை நம்பியவர்கள் கைப்பொருளை இழந்தார்கள். இவ்விரு சாராருள் ஆட்டத்தின் தன்மையைச் சரியாக அறிந்திருந்தவர் யார் என்று கேட்டால், பணப்பை ஒரு விடை சொல்கிறது, மேலே தந்த கணக்கு வேறொரு விடை சொல்கிறது. ஒரு பெரிய இறுதியாட்டத்தின் முடிவை முன்கூட்டி நிர்ணயிக்க முயல்வோர் எல்லாரும் இந்த முரண்பாட்டின்மேல்தான் வந்து நிற்கிறார்கள். இன்னார் வெல்வார் என்று சொல்வது ஊகம். இன்னார் வெல்வதற்கு நூற்றுக்கு இத்தனை சாத்தியம் என்று சொல்வது கணக்கு. அந்தச் சாத்தியத்துக்கு இந்த விலை கொடுக்கலாமா கூடாதா என்று ஆராய்வது பந்தயம். மூன்றும் ஒன்றென மயங்குவதால்தான் பந்தயம் கட்டுவோரில் பெரும்பாலோர் பணத்தை இழக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஆட்டத்தின் கணக்கு முறையைக் கவனிக்க வேண்டும். டென்னிஸில் வென்ற புள்ளிகளெல்லாம் ஒரே தொகையில் சேர்வதில்லை. நான்கு புள்ளி பெற்று இரண்டு புள்ளி முந்தினால் ஒரு கேம், ஆறு கேம் பெற்று இரண்டு கேம் முந்தினால் (அல்லது சமனாக நிற்கும் செட்டைத் தீர்க்கும் டை-பிரேக்கை வென்றால்) ஒரு செட், விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் ஆடவர்க்கு ஐந்தில் மூன்றும் மகளிர்க்கு மூன்றில் இரண்டும் பெற்றால் ஆட்டம் என்று படிப்படியாக அமைந்திருக்கும் இம்முறையில், ஒவ்வொரு படி முடிந்ததும் பழைய கணக்கு துடைக்கப்பட்டு, இருவரும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். இதன் விளைவு இருவகைப்பட்டது. ஒருபுறம், மிகச் சிறிய மேன்மையும் படிக்குப் படி பெருகுகிறது. நூறு புள்ளிகளில் 51-ஐ மட்டும் வெல்லக்கூடிய ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டு, புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக் கணக்கிட்டால், அவர் ஒரு கேமை வெல்லும் சாத்தியம் நூற்றுக்கு 52.5, ஒரு செட்டை வெல்வது 57, ஐந்து செட் ஆட்டத்தை வெல்வது 63. புள்ளிகளில் 55 என்ற அளவுக்கு அவர் உயர்வாரானால், கேமில் 62, செட்டில் 81, ஆட்டத்தில் 95 என்று கணக்கு ஏறிவிடுகிறது. மூன்று செட் ஆட்டமாயின் இந்த 95, 91-ஆகக் குறையும். மகளிர் இறுதியாட்டங்களை முன்னறிவது சற்றே கடினம் என்று சொல்வதில் உள்ள நியாயம் பெரும்பாலும் இவ்வளவுதான். மற்றப்படி அதற்குக் கூறப்படும் மனோதத்துவ விளக்கங்கள் பலவற்றில் ஆண்களின் அகம்பாவமே அதிகம்.

மறுபுறம், இதே முறை புள்ளிகளை வீணாக்கவும் வல்லது. ஃபெடரர் இரண்டாம் செட்டை 6-1 என்றும் நான்காம் செட்டை 6-4 என்றும் வென்றார். முதல், மூன்றாம், ஐந்தாம் செட்டுகளை டை-பிரேக்கில் தோற்றார். ஆறுக்கு ஒன்று என்று வென்ற செட்டில் அவர் குவித்த உபரிப் புள்ளிகளை, ஆறுக்கு ஆறு என்று நின்ற செட்டுக்குக் கொண்டுபோய்ச் செலவிட வழியில்லை. அப்பேர்ப்பட்ட ஆட்டங்கள் அபூர்வம்தான். ஏறத்தாழ 61,000 ஆட்டங்களை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, குறைந்த புள்ளி பெற்றவர் வென்ற ஆட்டங்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அந்த அபூர்வ வகையில் அன்றுவரை ஃபெடரருக்கு வாய்த்தவை 4 வெற்றியும் 24 தோல்வியும் என்பது, ஆறு ஆண்டுகள் கழித்து விம்பிள்டனில் நடந்ததற்கு எழுதிவைத்த முன்னுரை போலவே இருக்கிறது. 2024-இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டமளிப்புரை நிகழ்த்திய ஃபெடரர், தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 80-ஐ வென்றதாகவும், ஆனால் வென்ற புள்ளிகள் நூற்றுக்கு 54 மட்டுமே என்றும் தாமே எடுத்துக்காட்டினார். மேலே கூறிய கணக்கைப் படித்தவர்க்கு அந்த 54 வியப்பளிக்காது.

புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டோமே, அது உண்மைதானா? முக்கியமான புள்ளி வரும்போது நெஞ்சுரம் மிக்கவர் எழுவார், மற்றவர் துவள்வார் என்பதல்லவா வர்ணனையாளர் அனைவரும் ஓதும் வேதம்! நெதர்லாந்துப் பொருளாதாரக் கணித நிபுணர்களான பிராங்க் க்ளாசென், யான் மாக்னஸ் ஆகிய இருவரும் 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட ஏறத்தாழ 90,000 புள்ளிகளை இந்தக் கேள்வியோடு சோதித்து, 2001-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். முந்தைய புள்ளியை வென்றவர்க்கு அடுத்ததிலும் சிறிது அநுகூலம் உண்டு. முக்கியமான புள்ளிகளில் சர்வ் செய்பவரின் பலம் சிறிது குன்றுகிறது. இவ்விரு விளைவுகளும் தேர்ந்த ஆட்டக்காரரிடம் குறைவாகவும் மற்றவர்களிடம் அதிகமாகவும் காணப்படுகின்றன. எனினும் இவை மிகச் சிறியவையாதலால், புள்ளிகள் சுயேச்சையானவை என்று கொண்டு கணக்கிடுவதில் பெரும் பிழை நேராது என்பது அவர்கள் கண்டது. இறுதியாட்டத்தை எட்டியவர்கள் தேர்ந்தவர்களிலும் தேர்ந்தவர்களாதலால், பெரும் சந்தர்ப்பங்களில் அவர்களுடைய மனநிலையைப்பற்றி நாம் எழுதிக் குவிப்பவற்றுள் பாதிக்குமேல் ஆட்டம் முடிந்தபின் கட்டப்படும் கதைகளே என்று சந்தேகிக்க இடமுண்டு.

முன்னறிவிக்கும் தொழிலைப் பந்தயக்காரர்கள் தொடங்கினார்கள் என்று எண்ண வேண்டா; போட்டியை நடத்துபவர்களே அதை அதிகாரபூர்வமாகச் செய்துவருகிறார்கள். 1927 முதல் விம்பிள்டனில் ஆட்டக்காரர்களின் தகுதியை மதிப்பிட்டு வரிசை எண் கொடுத்து, முதல்வரும் இரண்டாமவரும் இறுதிக்கு முன் சந்திக்காதபடி அட்டவணை அமைக்கிறார்கள். கமிட்டியின் ஊகமே அன்றி இது வேறென்ன? 1962-இல் நம் ராமநாதன் கிருஷ்ணனுக்கு நான்காம் ஸ்தானம் அளித்த கமிட்டியின் மதிப்பீட்டில் குறை சொல்ல முடியாது; அதற்கு முன் இரண்டாண்டுகளும் அரையிறுதிவரை சென்று, நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும் தோற்றவர் அவர், இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். ஆனால் அவ்வாண்டு கணுக்காலில் ஏற்பட்ட காயத்தால் அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. ஆட்டக்காரரின் உடம்பு எந்த வரிசைக்கும் கட்டுப்பட்டதன்று. 1931-இல் இறுதியாட்டமே நடக்காமல், ஃப்ராங்க் ஷீல்ட்ஸ் காயத்தால் விலகியதால் சிட்னி வுட் பந்தைத் தொடாமலே சாம்பியன் ஆன விந்தையும் விம்பிள்டன் வரலாற்றில் இருக்கிறது.

1973 ஆகஸ்டில் கணிப்பொறி வழங்கும் உலகத் தரவரிசை வந்தபின் கமிட்டியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைந்தது. ஆனால் அந்தத் தரவரிசை ஓராண்டில் சேர்த்த தரப்புள்ளிகளின் கணக்கே ஒழிய, புல்தரையில் வல்லவர் யார், களிமண் தரையில் வல்லவர் யார் என்று பிரித்துணரும் ஆற்றல் அதற்கில்லை. இதை உத்தேசித்து விம்பிள்டன், 2002 முதல் 2019 வரை, ஆடவர் வரிசைக்குத் தனிச் சூத்திரம் ஒன்றைக் கையாண்டது: உலகத் தரப்புள்ளிகளோடு, கடந்த 12 மாதங்களில் புல்தரையில் பெற்றவற்றை மீண்டும் ஒருமுறை முழுமையாகக் கூட்டி, அதற்கு முந்தைய 12 மாதங்களின் சிறந்த புல்தரைப் போட்டியில் பெற்றவற்றில் முக்கால் பங்கையும் சேர்த்தார்கள். 2019-இல் உலக வரிசையில் மூன்றாமவராயிருந்த ஃபெடரர் இந்தச் சூத்திரத்தால் இரண்டாம் எண் பெற்று, ரஃபேல் நடால் மூன்றாம் எண்ணுக்கு இறங்கினார். நடாலுக்கு அதில் வருத்தமிருந்ததும் இயல்பே. இருவரும் அரையிறுதியில் மோதினார்கள், ஃபெடரர் வென்றார், முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் இறுதியில் சந்தித்தன. சூத்திரம் சொன்னபடி எல்லாம் நடந்தேறிய அந்த ஆண்டே அச்சூத்திரத்தின் கடைசி ஆண்டாகவும் அமைந்தது.

இன்றைய கணக்கர்கள் பெரிதும் நம்புவது வேறொரு முறை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்பாத் ஈலோ, சதுரங்கக்காரர்களை மதிப்பிடுவதற்கென வகுத்து, 1970-இல் உலகச் சதுரங்க சம்மேளனம் ஏற்றுக்கொண்ட அம்முறையில், வெற்றி பெற்றாரா என்பதோடு யாரை வென்றார் என்பதும் கணக்கில் வருகிறது; வலியவரை வென்றால் மதிப்பு மிக ஏறும், எளியவரை வென்றால் அற்பமாக ஏறும். இருவரின் மதிப்பில் 100 வித்தியாசமிருந்தால் உயர்ந்தவர்க்கு நூற்றுக்கு 64 சாத்தியமும், 200 இருந்தால் 76 சாத்தியமும் உண்டு என்று அது நேரே கூறிவிடுகிறது. டென்னிஸுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் புல்தரைக்கும் களிமண் தரைக்கும் தனித்தனி மதிப்பு வைத்துப் பார்க்கிறார்கள்.

எந்தச் சூத்திரமானாலும் அது பழைய ஆட்டங்களின் சாரம். புதிதாக ஒருவன் மேற்கொள்ளப்போகும் யுக்தியை அது அறியாது. 1975-இல் ஜிம்மி கானர்ஸ் ஒரு செட்டும் இழக்காமல் இறுதிக்கு வந்தார். முந்தைய ஆண்டில் மூன்று பெரிய பட்டங்களை வென்றவர். தம்மை எதிர்த்து நின்ற ஆர்தர் ஆஷை அதுவரை சந்தித்தபோதெல்லாம் தோற்கடித்தவர். அவரே வெல்வார் என்பதில், பந்தயப் பணம் ஏற்று விலை எழுதும் புக்கிகளுக்கு ஐயமில்லை. ஆஷோ தம் இயல்பான அதிரடியை அடியோடு விட்டுவிட்டு, பந்தின் வேகத்தைக் கழித்து, கானர்ஸின் ஃபோர்ஹேண்டுக்குத் தாழ்வாகவும் மெதுவாகவும் அனுப்பி, சர்வை அகலமாக வெட்டி எறிந்து, எதிராளியின் வேகத்தையே உணவாக்கிக்கொள்ளும் கானர்ஸைப் பட்டினி போட்டார். 6-1, 6-1, 5-7, 6-4. முந்தைய சந்திப்புகளை எத்தனை நுட்பமாக அலசினாலும் அந்த ஆஷ் அவற்றில் அகப்பட்டிருக்க மாட்டார்.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1961 மே மாதம் முதல் தெருவோரப் பந்தயக் கடைகள் சட்ட சம்மதம் பெற்றன. குதிரைகளை நம்பிப் பிழைத்த அக்கடைகளில் விம்பிள்டனுக்கும் விலை எழுதுவது வழக்கமாயிற்று. புக்கி எழுதும் விலையைப் படிக்கத் தெரிந்தவன் அதில் ஒரு முன்னறிவிப்பைக் காண்பான். ஓர் இறுதியாட்டத்தில் ஒருவர்க்கு 1.50 என்றும் மற்றவர்க்கு 2.60 என்றும் விலை இருப்பதாகக் கொள்வோம். ஒரு பவுன் கட்டியவர்க்கு, வென்றால், அசலும் சேர்ந்து கைக்கு வரும் தொகை அது. ஒன்றை 1.50-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 66.7, 2.60-ஆல் வகுத்தால் 38.5. இரண்டும் சேர்ந்து நூறாக வேண்டியவை, 105-ஆக நிற்கின்றன. மிகுந்திருக்கும் அந்த ஐந்துதான் புக்கியின் கூலி. யார் வென்றாலும் அவனுடைய அடுப்பு எரிவது அதனால்தான். முதலாமவர் வெல்வார் என்று ஒருவன் உறுதியாக நம்பினால் மட்டும் போதாது. நூற்றுக்கு 67-க்கு மேல் சாத்தியம் உண்டென்று நம்புவதற்குக் காரணம் இருந்தாலன்றி, 1.50 விலையில் அவர்மீது கட்டுவது நஷ்ட வியாபாரம். நன்கு ஆடுபவரை அறிந்தவர் ஆயிரம் பேர் இருக்கலாம். அவரது விலை மலிவா, அதிகமா என்று அறிந்தவர் மிகச் சிலரே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெல்வதற்கு வழியே இல்லை என்று தோன்றும் ஆட்டக்காரர்மீது சிறு தொகை கட்டிப் பெருந்தொகை பெறும் ஆசை மக்களிடம் மிகுதியாதலால், அத்தகையோரின் விலையை உண்மைக்குக் குறைத்தே எழுதுவது புக்கிகளின் வழக்கம். குதிரைப் பந்தயத்தில் இந்தச் சார்பை அமெரிக்க மனோதத்துவ ஆய்வாளர் ஒருவர் 1949-லேயே சுட்டிக்காட்டினார். டென்னிஸ் விலைகளிலும் அது இருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டார்கள். 2001-இல் உலக வரிசையில் 125-ஆம் இடத்திலிருந்து, சலுகை அனுமதியால் நுழைந்து, ஒன்றுக்கு 150 என்ற விலையோடு தொடங்கிய கோரன் இவானிசெவிச், பாட்ரிக் ராஃப்டரை ஐந்தாம் செட்டில் 9-7 என்று வென்று சாம்பியன் ஆனார். அவர்மீது கட்டியவர்களின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் அதேபோன்ற விலையில் வேறு பெயர்களின்மீது கட்டித் தோற்றவர்களின் கதையைக் கேட்பாரில்லை. புக்கியின் கூலி போக மிஞ்சும் சந்தை விலையே கிடைக்கக்கூடிய முன்னறிவிப்புகளுள் மிகக் குறைந்த பிழையுடையது என்று நான் கருதுகிறேன்; சாதாரண மனிதன் அதை வென்று லாபம் பெற முடியாததற்குக் காரணமும் அதுவே.

2000-இல் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர் என்ற பரிவர்த்தனை நிலையம் இந்த வியாபாரத்தின் முகத்தை மாற்றியது. அங்கே புக்கிக்கு இடமில்லை. இன்னார் வெல்வார் என்று ஒருவன் கட்ட, அவர் வெல்லமாட்டார் என்று மற்றொருவன் கட்ட, நிலையம் தரகு மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே புள்ளிக்குப் புள்ளி விலை ஏறி இறங்குகிறது. 2019 இறுதியின் ஐந்தாம் செட்டில் ஃபெடரர் 8-7 என்று முந்தி, சர்வும் தம்முடையதாக, 40-15 என்று நின்ற தருணத்தைப் பார்ப்போம். தம் சர்வில் பத்துப் புள்ளிக்கு ஏழை வெல்பவராக அவரைக் கொண்டால், அந்த நிலையிலிருந்து அந்த கேமை முடிக்கும் சாத்தியம் நூற்றுக்கு 98.6, முடிக்கத் தவறினாலும் ஆட்டம் சமநிலைக்குத்தான் திரும்பும் என்பதையும் சேர்த்தால், பட்டம் வெல்லும் சாத்தியம் 99-ஐத் தாண்டுகிறது. முதல் புள்ளியில் அவருடைய ஃபோர்ஹேண்ட் பக்கக்கோட்டுக்கு வெளியே போயிற்று. இரண்டாவதில் அவர் பந்தை அடித்துவிட்டு வலையை நோக்கி முன்னேற, ஜோகோவிச் குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் அவரைக் கடந்து சென்றது. சிறிது நேரத்தில் 8-8.

நூற்றுக்கு 99 என்று சொன்ன கணக்கு பொய்த்துவிட்டதென்று அன்று பலர் சிரித்தார்கள். நூறில் ஒன்று என்றால் அது நூறு தடவையில் சராசரியாக ஒரு தடவை நடக்க வேண்டும். ஒருபோதும் நடக்காவிட்டால்தான் கணக்கில் குற்றம். ஒரே ஆட்டத்தைக் கொண்டு முன்னறிவிப்பாளரை மதிப்பிட முடியாது. அவர் 70 என்று சொன்ன ஆட்டங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, அவற்றில் நூற்றுக்கு எழுபது அவ்வாறு முடிந்தனவா என்று பார்ப்பதே முறை. 1950-இல் க்ளென் பிரையர் என்ற வானிலை நிபுணர் மழை அறிவிப்புகளை மதிப்பிடுவதற்கு இட்ட அளவுகோலே இன்று டென்னிஸ் கணக்கர்களுக்கும் உரைகல்.

புள்ளிக்குப் புள்ளி பந்தயம் வந்ததோடு தீமையும் உள்ளே வந்தது. அரங்கில் உட்கார்ந்துகொண்டு, நடுவரின் கருவியிலிருந்து செய்தி சந்தையை எட்டுவதற்கு முன்பே, சட்டைப்பைக்குள் மறைத்த விசையை அழுத்தி வெளியிலிருக்கும் கூட்டாளிக்குப் புள்ளியை அறிவிக்கும் ஆட்கள் தோன்றினார்கள். அதைவிடப் பெரிய கவலை 2007 ஆகஸ்டு 2-ஆம் தேதி போலந்தின் சோபோட் நகரில் எழுந்தது. உலக வரிசையில் நான்காமவரான நிக்கோலாய் டாவிடென்கோ, 87-ஆமவரான அர்ஜென்டினாவின் மார்ட்டின் வசாயோ ஆர்குவெயோவிடம் முதல் செட்டை வென்ற பின்னும், பணம் அந்த செட்டைத் தோற்றவரின் பக்கமே குவிந்தது. மூன்றாம் செட்டில் டாவிடென்கோ காயம் காரணமாக விலகினார். பெட்ஃபேர் அத்தனை பந்தயங்களையும் செல்லாதெனத் தள்ளியது. நீண்ட விசாரணைக்குப்பின் இரு ஆட்டக்காரர்மீதும் குற்றமில்லை என்றே முடிவாயிற்று. அந்த ஆட்டத்தின் எதிரொலியாகவே, அடுத்த ஆண்டில் நேர்மையைக் காப்பதற்கெனத் தனி அமைப்பு உருவாயிற்று. வழக்கறிஞர் ஆடம் லூயிஸ் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு 2018-இல் தந்த இறுதி அறிக்கை, நோய் பெரிய அரங்குகளைவிட, பரிசுத்தொகையால் பயணச்செலவும் கட்டுப்படியாகாத கடைநிலைப் போட்டிகளில்தான் ஊறியிருக்கிறது என்றும், அப்போட்டிகளின் உடனடிப் புள்ளிச் செய்திகளைப் பந்தயச் சந்தைக்கு விற்றதே அதற்கு உரமிட்டது என்றும் கூறியது. 2019 விம்பிள்டனில் வென்றவர்க்கு 23,50,000 பவுன், தோற்றவர்க்கு அதில் பாதி. அந்த உயரத்தில் நிற்பவரை விலைபேசுவது எளிதன்று. அவ்வகையில் பெரிய இறுதியாட்டம் பந்தயக்காரனுக்குப் பாதுகாப்பான இடம். எல்லாருடைய அறிவும் ஏற்கெனவே விலையில் அடங்கிவிட்டிருப்பதால் லாபத்துக்கு மிகக் குறைந்த இடமும் அதுவே.

விதிகள் மாறும்போது மட்டும் விலையில் சில காலம் இடைவெளி தோன்றக்கூடும். 2018 அரையிறுதியில் கெவின் ஆண்டர்சனும் ஜான் இஸ்னரும் ஐந்தாம் செட்டை 26-24 வரை இழுத்து 6 மணி 36 நிமிஷம் ஆடியதன் விளைவாக, 2019-இல் 12-12 என்ற நிலையில் டை-பிரேக் என்ற விதி விம்பிள்டனுக்கு வந்தது. 2022 முதல் நான்கு பெரும் போட்டிகளிலும் கடைசி செட்டில் 6-6 ஆனவுடன் பத்துப் புள்ளி டை-பிரேக் ஆடப்படுகிறது. அந்த விதி முன்பே இருந்திருந்தால் 8-7, 40-15 என்ற நிலையே பிறந்திராது. நூற்றுக்கு 51 புள்ளி வெல்பவர்க்கு, இரண்டு கேம் முந்தும்வரை ஆடும் பழைய முறையில் 6-6-இலிருந்து 55 சாத்தியம் உண்டு; பத்துப் புள்ளி டை-பிரேக்கில் அது 54-ஐயும் எட்டாது. 55 புள்ளி வெல்பவர்க்கு இதே கணக்கு 73-இலிருந்து 67 அல்லது 68-க்கு இறங்குகிறது. வலியவரின் அநுகூலம் கடைசிப் படியில் இவ்வளவு தேய்ந்துவிட்ட நிலையில், பழைய ஐந்தாம் செட்டுகளைப் பார்த்து எழுதிய விலைகளைப் புதிய ஐந்தாம் செட்டுக்கு அப்படியே பயன்படுத்துகிறவன், புக்கியாயினும் பந்தயக்காரனாயினும், தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்வரை மற்றவனுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பான்.